மணிக்கட்டிலிருந்து தரை வரை

சங்கரன்கோவிலில் கோல்ஃப் மைதானம் கிடையாது. விசைத்தறியும் ஆடித்தபசுமாக இருக்கும் ஊரில் அதற்குத் தேவையும் எழுந்ததில்லை. ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போன பிள்ளைகளில் சிலர், அலுவலக நண்பர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தடிக்கப் போகிறார்கள். ஒரு பந்து சரியாகப் பட்டுப் பறந்துவிட்டால் போதும், அடுத்த மாதமே புது மட்டை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் புதிய ‘அயர்ன்’ (தட்டையான உலோகத் தலை மட்டை) செட் இன்று லட்ச ரூபாயைத் தொடுகிறது. அவ்வளவு பணத்தை எண்ணி வைக்கும் முன் உடம்பை அளந்து பார்க்க வேண்டும் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

நம் தென் மாவட்டங்களுக்கு இந்த ஆட்டம் அப்படியொன்றும் அந்நியமல்ல. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் திருவனந்தபுரத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மைதானம் இருந்தது. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கிளப் இல்லை.

ஆட்டக்காரர் ஒருவர் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் ஏறக்குறையப் பாதி அயர்ன்கள். எண் கூடக் கூடத் தண்டு அரை அங்குலம் அளவில் குட்டையாகும், பந்தில் படும் முகம் மேலும் சாயும், பந்து உயரமாக எழும்பிக் கிட்டத்தில் விழும். நடுவில் இருக்கும் 7 அயர்ன் சுமார் 37 அங்குல நீளம். அளவு பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கையில் கொடுப்பார்கள்.

இந்த நீளமெல்லாம் யாருடைய உடம்புக்கு? பெரிய நிறுவனங்களின் ‘ஸ்டாண்டர்டு’ ஏறக்குறைய ஐந்தடி ஒன்பது, பத்து அங்குல ஆணை மனதில் வைத்துச் செய்யப்படுகிறது. ஐந்தடி நான்கு அங்குலத் தமிழருக்கும் அதே பெட்டிதான் வருகிறது. தீபாவளிக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது தோளையும் கையையும் அளக்காமல் துணியில் கத்தரி வைக்கும் தையல்காரரை நாம் ஒத்துக்கொள்வோமா? நூறு மடங்கு விலையுள்ள பொருளுக்கு மட்டும் அளவு வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம்.

உயரம் மட்டும் தெரிந்தால் போதாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கை நீளமாக இருக்கும். அதனால் விளையாடும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை டேப் பிடிக்கிறார்கள். ஸ்டாண்டர்டு அளவு பொருந்துகிற ஆளுக்கு இது 34, 35 அங்குலத்தை ஒட்டி வரும். வீட்டிலேயே இன்னொருவரை வைத்து அளந்துவிடலாம்.

அடுத்தது கோணம். மட்டையைப் பந்தடிக்கும் நிலையில் வைத்தால் தண்டுக்கும் தரைக்கும் இடையில் உண்டாகும் கோணத்தை ‘லை’ என்கிறார்கள். 7 அயர்னில் இது பொதுவாக 62, 63 டிகிரி. குட்டையான ஒருவர் இந்த மட்டையைப் பிடிக்கும்போது கைகள் தாழ்கின்றன, மட்டைத் தலையின் நுனி மேலே தூக்கிக்கொள்கிறது, தண்டை ஒட்டிய குதிகால் பக்கம் மண்ணில் இடிக்கிறது. முகம் சாய்வாக இருப்பதால், நுனி தூக்கியதுமே அது இடப்பக்கம் பார்க்கத் தொடங்கிவிடும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் போகிறது. அவர் தன் மீது பழி போட்டுக்கொண்டு, உடம்பை வலப்பக்கம் திருப்பி நின்று பார்க்கிறார், மணிக்கட்டை இறுக்கிப் பார்க்கிறார். ஆறு மாதத்தில் அது பழக்கமாகி ஊறிவிடும். பயிற்சியாளர் அதை மாற்றப் படாத பாடு படுவார். கோளாறு மட்டையில் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்புறம் தடிமனாக ஒரு செங்குத்துக் கோடு போடுகிறார்கள். அந்தக் கோடு மட்டையைப் பார்த்திருக்குமாறு பந்தை வைத்து அடித்தால், மை முகத்தில் ஒட்டிக்கொள்ளும். முகத்திலுள்ள பள்ளக்கோடுகளுக்குச் செங்குத்தாக மை பதிந்திருந்தால் கோணம் சரி. மேல்முனை மட்டையின் நுனியை நோக்கிச் சாய்ந்திருந்தால் மட்டை அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கிறது. குதிகாலை நோக்கிச் சாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிப் படுத்திருக்கிறது. நாலைந்து பந்து அடித்து, ஒவ்வொரு முறையும் துடைத்துப் பார்த்தால் ஐயத்துக்கு இடமிராது. பிறகு தலையைப் பிடிமானத்தில் மாட்டி, கழுத்தை ஓரிரு டிகிரி வளைக்கிறார்கள். அடித்து உருவாக்கிய தலைகள் எளிதில் வளையும். வார்ப்புத் தலைகளில் கவனம் வேண்டும்.

இந்த அளவெடுப்பைச் சாதாரண ஆட்டக்காரர் வரை கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911-இல் நார்வேயில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா போனவர். தந்தை செருப்புத் தைப்பவர். மகனும் பொருளாதார மந்தக் காலத்தில் அதே தொழிலைச் செய்தார். பிறகு பொறியாளராகி ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். நாற்பது வயது தாண்டிய பின்தான் கோல்ஃப் மட்டையைத் தொட்டார். 1959-இல் வீட்டு கராஜில் அவர் செய்த, பந்தைக் குழிக்குள் உருட்டும் ‘பட்டர்’ மட்டை ‘பிங்’ என்று ஒலித்தது. அதுவே நிறுவனத்தின் பெயராயிற்று. பல காலணிகளைக் காலுக்குத் தக்கபடி செய்த அனுபவம் ஆளை அளந்து மட்டை தரும் யோசனைக்கு உதவியிருக்கும் என்றே தோன்றுகிறது. 1970-களில் பிங் தன் அயர்ன்களில் வண்ணப் புள்ளி வைத்தது. கறுப்பு என்றால் ஸ்டாண்டர்டு, நீலம் கொஞ்சம் நிமிர்ந்தது, சிவப்பு கொஞ்சம் படுத்தது. பழைய செட் வாங்குகிறவர்களுக்கு இது இன்றும் உதவுகிறது: புள்ளியைப் பார்த்தாலே முன்னால் வைத்திருந்தவரின் அளவு ஓரளவு தெரிந்துவிடும்.

தண்டின் விறைப்புதான் ஆட்களை அதிகம் ஏமாற்றுகிறது. ரெகுலர், ஸ்டிஃப் என்று எழுதியிருப்பதற்கு எல்லாருக்கும் பொதுவான தரநிர்ணயம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் போல இருக்கலாம். வீரர்கள் விரும்பும் எஃகுத் தண்டு 130 கிராம் வரை கனக்கும், கிராஃபைட் அதில் பாதி எடையிலும் கிடைக்கும். பதினெட்டுக் குழி ஆடி முடிப்பதற்குள் வெயிலில் தோள் சோர்ந்துபோகும் ஐம்பது வயதுக்காரருக்கு, பெருமைக்காக வாங்கிய கனத்த எஃகு உபத்திரவமே. எது பொருந்தும் என்பதை அடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். டிராக்மேன் போன்ற ராடார் கருவிகள் பந்தின் வேகம், எழும் கோணம், சுழற்சி எல்லாவற்றையும் திரையில் காட்டிவிடுகின்றன. அமெரிக்கத் தொழில்முறை வீரர்களின் 7 அயர்ன் பந்து நிமிடத்துக்குச் சுமார் 7000 முறை சுழல்கிறது. சுழற்சி மிகக் குறைந்தால் பந்து குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் நிற்காமல் ஓடிப்போகும்.

கடையில் ‘இந்த 7 அயர்ன் இருபது கெஜம் கூடுதலாகப் போகும்’ என்று சொன்னால், அதன் சாய்வு எத்தனை டிகிரி என்று கேட்க வேண்டும். முன்பு 7 அயர்னின் சாய்வு 35 டிகிரிக்கு மேல் இருந்தது. இப்போது சில செட்களில் அது 28 டிகிரி வரை இறங்கியிருக்கிறது. பழைய 5 அயர்னின் சாய்வையே 7 என்ற எண்ணோடு விற்கிறார்கள் என்றுதான் அர்த்தம். எண்ணை நம்பாமல் பந்து எவ்வளவு உயரத்திலிருந்து எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

சிறந்த வீரர்களுக்குத் திட்டவட்டமான அளவுகள் உண்டு. பிரைசன் டிஷாம்போ எல்லா அயர்ன்களையும் 37.5 அங்குல ஒரே நீளத்தில் வைத்துக்கொண்டு 2020-லும் 2024-லும் அமெரிக்க ஓபனை வென்றார். செவித்திறன் குறைந்த, இடக்கை ஆட்டக்காரரான தீக்ஷா டாகர் 2019-இல் தென்னாப்பிரிக்கப் பெண்கள் ஓபனை வென்றவர். நம் நாட்டில் இடக்கை மட்டைகள் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. இடக்கைப் பிள்ளைகள் கிடைத்ததை வைத்து ஆடாமல், அளந்து வரவழைத்துக் கொள்வதே நல்லது.

பிடிக்கும் பகுதியான கிரிப்பும் அளவில் அடங்கும். பிடித்திருக்கும்போது விரல் நுனிகள் உள்ளங்கையின் சதைப்பகுதியை லேசாகத் தொட வேண்டும். ரப்பருக்கடியில் டேப் சுற்றித் தடிமன் கூட்டலாம். நம் ஊர் வியர்வைக்குப் பருத்தி நூல் கலந்த கிரிப் வழுக்காமல் நிற்கும்.

தொடங்கி ஆறு மாதம் ஆகாதவர் இத்தனையும் பார்க்க வேண்டியதில்லை. நீளம், லை, கிரிப் மூன்றையும் சரிசெய்துகொண்டு தண்டுக் கணக்கை வீச்சு நிலைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அளக்கப் போகும்போது பழைய மட்டையையும் எடுத்துப் போய், கருவி காட்டும் அதன் எண்களைப் புதியதன் எண்களோடு ஒப்பிடுவது நலம். முடிந்தால் செயற்கை விரிப்பில் அல்லாமல் புல்லில் அடிக்க வேண்டும். விரிப்பு தவறைக் காட்டிக்கொடுக்காது.

குழந்தைகளுக்கு அப்பாவின் பழைய மட்டையை ஹாக்சாவால் நறுக்கிக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். தண்டைக் குறைத்தால் விறைப்பு கூடும், தலை மட்டும் பெரியவர்களின் கனத்தோடு அப்படியே இருக்கும். சிறு கை அதைத் தூக்கவே உடம்பை வளைக்கும். குழந்தைகளின் உயரத்துக்கு மூன்று அங்குல வித்தியாசத்தில் மட்டை செய்து தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பிள்ளை வளரும் வேகத்துக்கு ஏற்ப ஆண்டுக்கொரு முறையாவது டேப்பை எடுத்து மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.