இளம் வில்லாளியும் அவன் கருவியும்

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது மற்றொன்று. வன்மை ஆளிடத்தது, கருவியினிடத்தது அன்று என்னும் ஒரு கருத்தையே இவ்விரண்டும் இருபுறமும் நின்று உரைக்கின்றன. வில்வித்தையில் இக்கருத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் பிள்ளைகள் பலருக்குத் தீங்கு விளையும். முற்றும் தள்ளிவிட்டாலோ அவர்தம் பெற்றோரின் பணப்பைக்குத் தீங்கு விளையும். ஆதலின், இலக்கை நோக்கி அம்பெய்யப் பழகும் ஓர் இளம்பிள்ளைக்கு நல்ல கருவி எதனைத் தரும், எதனைத் தராது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

குறி தவறுதல் எத்துணைச் சிறிய பிழையினால் நேர்வது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். ஒலிம்பிக் போட்டியில் வில்லாளிக்கும் இலக்கிற்கும் இடையிலுள்ள தொலைவு 70 மீட்டர். இலக்கின் முகம் 122 சென்டிமீட்டர் குறுக்களவினது. அதன் நடுவேயுள்ள பத்துப் புள்ளி வட்டமோ 12.2 சென்டிமீட்டர் குறுக்களவே உடையது. அஃதாவது, நட்ட நடுவினின்று ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விலகிய அம்பு பத்தை இழந்து ஒன்பதைப் பெறும். அவ்வளவு தொலைவில் நிகழும் இவ்விலகலை வில்லின் அருகே கொணர்ந்து கணக்கிட்டால், 70 சென்டிமீட்டர் நீளமுள்ள அம்பின் முனை அரை மில்லிமீட்டருக்குச் சிறிது கூடுதலாகக் கோணுதலே அதற்குப் போதுமானது. ஒரு நெல்லின் தடிப்பிலும் குறைந்த அளவு அது. இத்தகைய நுண்மையில், கையின் நடுக்கம் ஒருபுறமிருக்க, தண்டின் கோணலும் நாணின் தளர்ச்சியும் இறகின் மடிப்புங்கூடக் கணக்கில் வந்துவிடுகின்றன.

கருவிகளுள் முதற்கண் எண்ணற்பாலது வில்லின் வன்மை. நாணை முழுதும் இழுத்து நிறுத்துதற்கு வேண்டிய விசையை ராத்தல் கணக்கிற் கூறுதல் வழக்கம். ஒலிம்பிக் ஆடவர் கையிலுள்ள வில் 45 முதல் 50 ராத்தல் வரை இருக்கும். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கோ 16 அல்லது 18 ராத்தல் வில்லே தொடக்கத்தில் பெரும்பாலும் ஏற்றது. ஆனால் கடைக்குச் செல்லும் தந்தைக்கு, 'வளர்கிற பிள்ளைதானே, சற்றுப் பெரிதாகவே வாங்கிவிடுவோம்' என்னும் எண்ணம் எழுதல் இயல்பு. சட்டைக்கு அது பொருந்தும், வில்லுக்குப் பொருந்தாது. தன் ஆற்றலுக்கு மேற்பட்ட வில்லை இழுக்கும் சிறுவன், முதுகின் தசைகளைக் கொண்டு இழுக்கும் முறையைக் கற்கவே மாட்டான். தோளை உயர்த்துவான்; உடலைப் பின்னே சாய்ப்பான்; கை நடுங்கத் தொடங்குமுன் விட்டுவிட வேண்டுமென்று, நாண் முகவாயைத் தொடுமுன்னரே விரலை நெகிழ்த்துவான். சில திங்களில் இவையெல்லாம் அவனுக்கு வழக்கமாகிவிடும். பின்னர் அவற்றை மாற்றுதல் எளிதன்று. விலையுயர்ந்த வில் கற்பவனைக் கெடுப்பது இவ்வாறே.

இதனோடு தொடர்புடைய மற்றொன்றும் உண்டு. வில்லின்மேற் பொறித்துள்ள எண், நாணை 28 அங்குலம் இழுக்கும்போது உண்டாகும் விசையைக் குறிப்பது. அதனிற் குறைவாக இழுப்பவனுக்கு அங்குலத்திற்கு ஓரிரு ராத்தல் வீதம் விசை குறையும். 24 அங்குலம் இழுத்த சிறுவன் ஓராண்டில் வளர்ந்து 26 அங்குலம் இழுப்பானாயின், வில் மாறாமலே அதன் பளு கூடிவிடும். முன்பு அளந்து வெட்டிய அம்புகளும் அவனுக்குக் குட்டையாகிவிடும். குட்டையான அம்பு வில்லின் உட்புறம் நழுவிக் கையைக் குத்தும் இடரும் உண்டு. எனவே, வளரும் பிள்ளைக்கு மாற்றத்தக்க கருவியே நல்ல கருவி. ரீகர்வ் எனப்படும் இக்காலத்து வில்லில் நடுப்பிடியும், அதன் மேலும் கீழும் நின்று வளையும் இரு பட்டைகளும் தனித்தனியே கழற்றத்தக்கன. பிடியை வைத்துக்கொண்டு பட்டைகளை மட்டும் மாற்றி, இரண்டிரண்டு ராத்தலாக ஏற்றிச் செல்லலாம்.

இனி அம்பிற்கு வருவோம். வில்லைக் கண்டு வியப்பவர் பலர். அம்பை எடுத்துப் பார்ப்பவர் சிலர். இலக்கைச் சென்று அடைவது அம்பேயன்றி வில்லன்று என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நாணில் தொடுத்த அம்பு வில்லின் பிடிக்கு ஒருபக்கமாகக் கிடக்கின்றது. நாணோ பிடியின் நடுவை நோக்கிப் பாய்கின்றது. அங்ஙனமாயின் அம்பு எக்காலும் பக்கவாட்டில் அன்றோ சென்று விழ வேண்டும்? அவ்வாறு விழாமை நெடுங்காலம் ஒரு புதிராகவே இருந்தது. 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் அமெரிக்கப் பௌதிக அறிஞர் மிக விரைந்து எடுத்த படங்களினால் இதன் உண்மை வெளிப்பட்டது. விடுபட்ட கணத்தில் அம்பு நேர்கோலாகச் செல்வதில்லை. பின்னிருந்து நாண் தள்ளும் விசையினாலும், விரலினின்று நாண் பக்கவாட்டில் நழுவுவதனாலும் அது வளைகின்றது. வளைந்து பிடியைச் சுற்றிக்கொண்டு, நீரில் மீன் வாலசைப்பது போல இருபுறமும் நெளிந்து வெளியேறி, சிறிது தூரம் சென்ற பின்னரே அமைதியுறுகின்றது. பிடியைக் கடக்கும்போது அம்பின் வால் எப்பக்கம் நெளிந்திருக்கின்றது என்பதைப் பொறுத்தே, அது பிடியில் உராயாமற் செல்வதும் உராய்ந்து செல்வதும் அமையும்.

ஆகையால் அம்பின் விறைப்பு வில்லின் விசைக்கு இசைந்ததாயிருத்தல் வேண்டும். அதனை அளக்கும் முறை மிக எளியது. 28 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மேல் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, தண்டு எவ்வளவு தாழ்கின்றது என்று நோக்குவர். அரை அங்குலம் தாழ்ந்தால் 500 என்றும், ஓர் அங்குலம் தாழ்ந்தால் 1000 என்றும் எண்ணிடுவர். எண் மிகுந்தால் விறைப்புக் குறைவு என்பது பொருள். மெல்லிய வில்லையுடைய சிறுவனுக்கு 1000 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணுடைய நெகிழ்ந்த தண்டே வேண்டும். தமையன் வைத்துவிட்டுச் சென்ற 500 எண் அம்பு, எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், அச்சிறுவன் கையில் வளையாது. வலக்கையால் நாணை இழுப்பவனாயின் அம்பு ஓயாமல் இடப்புறமே சென்று விழும். அவன் குற்றம் தன் கையினது என்று எண்ணிக் கையைக் கோணுவான்.

விறைப்புப் போலவே எடையும் இன்றியமையாதது. நன்கு பழகிய வில்லாளியின் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 60 மீட்டர் விரைவிற் செல்கின்றது. காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 70 மீட்டர் செல்வதற்குள் புவியீர்ப்பு அதனை 6.7 மீட்டர் அளவு கீழே இழுத்துவிடும். அத்தாழ்வை ஈடுசெய்யவே வில்லாளி அம்பைச் சற்று மேனோக்கி எய்கின்றான். இப்போது, ஓர் அம்பு மற்றதனினும் நூற்றுக்கு ஒரு பங்கு மெதுவாகச் சென்றால் யாது நிகழும்? தாழ்வு நூற்றுக்கு இரண்டு பங்கு மிகும். அஃதாவது அம்பு 13 சென்டிமீட்டர் கீழே தைக்கும். பத்துப் பெற வேண்டியவன் எட்டைப் பெறுவான். கையில் ஒரு பிழையும் இல்லை. அம்பில் சில குன்றிமணி எடை வேற்றுமையே உண்டு. மூங்கிலையும் மரத்தையும் சீவி அம்பு செய்த காலத்தில் ஒத்த எடையும் ஒத்த விறைப்பும் உடைய பன்னிரண்டு அம்புகளைத் தேர்ந்தெடுத்தல் பெருந்தொழிலாக இருந்தது. டக் ஈஸ்டன் என்னும் அமெரிக்கர் 1939-ஆம் ஆண்டில் அலுமினியக் குழாயினால் அம்பு செய்யத் தொடங்கினார். 1941-இல் அத்தகைய அம்புகளைக் கொண்டு லாரி ஹியூஸ் என்பவர் அந்நாட்டு வாகையர் பட்டத்தை வென்றார். பிற்காலத்தில் கார்பன் நாரும் அலுமினியமும் சேர்ந்த மெல்லிய தண்டுகள் வந்தன.

இத்துணையும் கேட்ட மாணவர் ஒருவர், 'அப்படியானால் உயர்ந்த அம்பையும் வில்லையும் இன்றே வாங்கிவிட்டால் புள்ளிகள் ஏறிவிடுமன்றோ?' என்று வினவக்கூடும். இங்கேதான் கணிதம் நமக்குத் துணைநிற்கின்றது. ஒன்றையொன்று சாராத இரு பிழைகள் சேரும்போது அவை நேரே கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்களே கூடும். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களையும் கர்ணத்தையும் நினைவிற் கொள்க. எடுத்துக்காட்டாக, கற்கத் தொடங்கிய ஒருவனுடைய கைப்பிழையினால் அம்புகள் 12 சென்டிமீட்டர் அளவு சிதறுகின்றன என்றும், கருவியின் பிழையினால் 5 சென்டிமீட்டர் அளவு சிதறுகின்றன என்றும் கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் சிதறல் 13 சென்டிமீட்டர். குற்றமேயில்லாத கருவியை அவனுக்கு வாங்கிக் கொடுத்தால் 13 என்பது 12 ஆகும். பெற்ற பயன் ஒரே சென்டிமீட்டர். அவனே இரண்டாண்டு பழகிக் கைப்பிழையை 5 சென்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டான் என்க. இப்போது பழைய கருவியோடு சிதறல் 7 சென்டிமீட்டர். நல்ல கருவியோடு 5. அதே கருவி அன்று பதின்மூன்றில் ஒரு பங்கு தந்தது. இன்று நாலில் ஒரு பங்கிற்கு மேல் தருகின்றது. பழைய கருவியையே வைத்துக்கொண்டு எவ்வளவு பழகினாலும் அவன் 5 சென்டிமீட்டருக்குக் கீழே ஒருபோதும் இறங்கமாட்டான் என்பதும் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது.

ஆனால் இக்கணக்கு முழு உண்மையையும் சொல்லிவிடவில்லை. கற்பவனுக்கு அம்பே ஆசிரியன். இடப்புறம் விழுந்த அம்பு, 'இன்ன பிழை செய்தாய்' என்று அவனுக்கு உரைக்க வேண்டும். ஒவ்வோர் அம்பும் ஒவ்வொரு விதமாகப் பறக்குமாயின், சரியாக எய்தபோது அம்பு விலகும். தவறி எய்தபோது நடுவிற் சென்று தைக்கும். தான் செய்யாத பிழையைத் திருத்தப் புகுந்த பிள்ளை, உள்ள நன்மையையும் இழப்பான். இந்நிலையில் நான்கு திங்கள் பழகி, 'எனக்கு இவ்வித்தை வாராது' என்று வில்லை வைத்துவிட்டவர்கள் எத்தனை பேரோ! ஒத்த அம்புகள் ஆறு, தன் வலிமைக்கேற்ற வில் ஒன்று: இவ்வளவு இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். இவை விலை மிக்கனவும் அல்ல.

குறிபார்க்கும் சைட், அம்பின் முனை குறித்த அளவிற்கு வந்ததும் ஒலி செய்து இழுப்பின் அளவை ஒருபடியாக வைக்கும் கிளிக்கர், வில் திரும்பாதபடி முன்னே நீண்டு நிற்கும் ஸ்டெபிலைசர் தண்டு ஆகியவை அடுத்த படியைச் சேர்ந்தவை. இழுப்பு ஒருபடியாக அமைவதற்கு முன் கிளிக்கரைப் பூட்டுதல், எழுத்துக்கூட்டத் தெரியாதவனுக்குச் சுருக்கெழுத்துக் கற்பிப்பதை ஒக்கும்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. ஜார்க்கண்டில் ராஞ்சிக்கு அருகில் 1994-இல் பிறந்த தீபிகா குமாரி, ஆட்டோ ரிக்ஷா ஓட்டுநர் ஒருவரின் மகள். விலைகொடுத்து வில் வாங்கும் வசதி குடும்பத்தில் இல்லாமையால், வீட்டிலே செய்த மூங்கில் வில்லும் அம்பும் கொண்டே பழகினார். 2005-இல் கர்சாவானிலுள்ள அர்ஜுன் வில்வித்தைப் பயிற்சிக்கூடத்திலும், 2006-இல் ஜம்ஷெட்பூரிலுள்ள டாட்டா வில்வித்தைப் பயிற்சிக்கூடத்திலும் சேர்ந்தார். முறையான வில் அவர் கைக்கு வந்தது அதன் பின்னரே. 2009-இல் அமெரிக்காவின் ஆக்டன் நகரில் நடந்த இளைஞர் உலகப் போட்டியில் வென்றார். 2010-இல் டெல்லி காமன்வெல்த் விளையாட்டில் இரண்டு பொற்பதக்கம் பெற்றார். மூங்கில் வில் அவருக்குக் கண்ணையும் ஆர்வத்தையும் தந்தது. 70 மீட்டரைத் தந்திருக்க இயலாது. அதே நேரத்தில், பயிற்சிக்கூடம் தந்தது வில் மட்டுமன்று. உணவும் உறைவிடமும் ஆசிரியரும் நாள்தோறும் எய்யும் வாய்ப்பும் உடன் தந்தது என்பதை மறத்தலாகாது. மேலும், உலகத்தின் முதல்நிலை வீராங்கனை என்னும் பெயரோடு 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற அவர், தனியர் போட்டியின் முதற் சுற்றிலேயே தோற்றார். உயர்ந்த வில் அன்றும் கையில் இருந்தது.

தென்கொரியப் பெண்டிர் 1988 முதல் 2024 வரை நடந்த பத்து ஒலிம்பிக்குகளிலும் குழுப் போட்டியில் பொன்னையே வென்றனர். அவர்கள் கையிலுள்ளன போன்ற வில்லும் அம்பும் எந்நாட்டவரும் கடையிலே வாங்கத்தக்கனவே.

கருவி பொருந்துதல் என்பதன் உச்சத்தைக் காண விரும்புவோர் கிஷ்த்வார் மலைநாட்டைச் சேர்ந்த சீதல் தேவியைக் காண்க. பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத அப்பெண், வலக்காலால் வில்லை ஏந்தி, தோளிற் பொருத்திய ஒரு சிறு கருவியால் நாணை இழுத்து எய்கின்றார். அவர் உடலுக்கென்றே அமைத்த அச்சிறு கருவி இல்லையேல் 2024-ஆம் ஆண்டுப் பாரிஸ் பாராலிம்பிக்கில், தம் பதினேழாம் வயதில், கலப்பு இரட்டையர் வெண்கலத்தை அவர் பெற்றிருத்தல் இயலாது. கடைகளிலுள்ள எவ்வுயர்ந்த வில்லும் அதற்கு ஈடாகாது.

நிற்க. பிழை தன்னுடையதோ அம்பினுடையதோ என்று ஐயுறும் மாணவர்க்குக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அம்புகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதுக. இலக்கின் படத்தை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை எய்த பின்னும் அவ்வவ்வம்பு தைத்த இடத்தில் அதன் எண்ணைப் பென்சிலாற் குறிக்க. பத்து முறை எய்தபின் தாளை நோக்குக. எண்கள் எல்லாம் கலந்து சிதறிக் கிடந்தால் பிழை கையினது. புதிய அம்பு வாங்க வேண்டுவதில்லை. நான்காம் எண் மட்டும் மீண்டும் மீண்டும் ஒரே மூலையில் விலகிக் கிடந்தால் அவ்வம்பைத் தனியே எடுத்து, இறகு தளர்ந்துள்ளதா, தண்டு கோணியுள்ளதா, நாணைக் கவ்வும் பிளவு விரிந்துள்ளதா என்று பார்த்து, ஒதுக்கி வைத்துவிட்டு ஐந்தைக் கொண்டு எய்க.