நாணமும் மௌனமும்: பாலியல் நலக் கல்வியில் திருச்சபையின் கடன்

திருப்பனந்தாள் அருணசடேசுவரர் கோயிலைப் பற்றி அவ்வூரார் சொல்லிவரும் வரலாறு ஒன்றுண்டு. தாடகை என்னும் பெண் (இவள் இராமாயணத்துத் தாடகை அல்லள்) இறைவனுக்கு மாலை சாத்தும் வேளையில் அவளது ஆடை நெகிழ்ந்தது. இரு கைகளிலும் மாலை இருந்தது. மாலையைக் கீழே வைக்க மனமில்லாமலும், ஆடையை நழுவவிட இயலாமலும், முழங்கைகளால் அதைப் பற்றிக்கொண்டு அவள் தவித்தபோது, மாலையை ஏற்கும்படி இலிங்கமே தலை சாய்ந்தது என்பர். சாய்ந்ததைப் பின்னர்க் குங்கிலியக் கலய நாயனார் தம் கழுத்திற் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்திய செய்தியைப் பெரியபுராணம் கூறும். நமது விசுவாசம் வேறு. எனினும், பெண்ணின் நாணத்தைக் குறித்து இவ்வட்டாரத்து மக்கள் எவ்வாறு எண்ணி வந்துள்ளனர் என்பதற்கு இக்கதையைவிடத் தெளிவான சான்று கிடைப்பதரிது. வெளியே போய் ஆடையைத் திருத்திக்கொண்டு வா என்று அங்கு எவரும் அவளிடம் சொல்லவில்லை. உயர்ந்தவரே குனிந்தார்.

அதே காவிரிக் கரையில் இன்று நாம் காண்பது என்ன? ஒரு சிறுமி பருவமெய்தினால் பந்தல் போடப்படுகிறது, ஒலிபெருக்கி கட்டப்படுகிறது, மஞ்சள் நீராட்டு விழாவிற்கு அழைப்பிதழ் அச்சிடப்படுகிறது, தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளுடன் தெருவழியே வருகிறார். அவள் உடலில் நிகழ்ந்ததை ஊரே அறிகிறது. ஆனால் அது ஏன் நிகழ்ந்தது, இனி மாதந்தோறும் என்ன நிகழும், எது இயல்பு, எது நோய் என்பதை அவளிடம் ஒருவரும் சொல்வதில்லை. நம் சபைக் குடும்பங்கள் சடங்கின் பெயரை மாற்றி ஆயரை ஜெபத்திற்கு அழைக்கின்றன. நாமும் போய் ஜெபித்துவிட்டு, உணவருந்தித் திரும்புகிறோம். இதை நாணம் என்று சொல்லுதல் தவறு. அறிவிக்கத் தயங்காதவர்கள் விளக்க மட்டும் மறுப்பதற்கு மௌனம் என்றே பெயர்.

இம்மௌனத்தில் எனக்கும் பங்குண்டு. டெல்டாக் கிராமச் சபை ஒன்றில் இளம் ஆயராக இருந்தபோது திடப்படுத்தல் ஆயத்த வகுப்பில் பத்துக் கட்டளைகளைப் போதித்துவந்தேன். ஏழாம் கட்டளை வந்ததும் (லுத்தரன் சபையார் அதனை ஆறாவதாக எண்ணுவர், அவர்களும் அதனை விரைந்தே கடப்பர் என்று கேள்வி), 'இது பெரியவர்களுக்குரியது, பின்னர் அறிந்துகொள்வீர்கள்' என்று கூறி அடுத்ததற்குச் சென்றேன். ஈராண்டுகளுக்குப்பின் அவ்வகுப்பில் இருந்த பெண்பிள்ளைகளுள் ஒருத்தியின் தாய் குருமனைக்கு வந்து வாசற்படியில் அமர்ந்து அழுதார். 'அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவளுக்குத் தெரியாதிருந்தது உண்மை. தெரியாதபடி பார்த்துக்கொண்டவர்களுள் நானும் ஒருவன்.

நோயும் பழியும்

பாலியல் நலக் கல்வி என்றவுடன் இளைஞர்க்குத் தகாதவற்றைக் கற்பிப்பதென்று அஞ்சுவோர் பலர். 2005இல் மத்திய அரசு பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோதும் இவ்வச்சமே எழுந்தது. 2007இல் பல மாநில அரசுகள் அதனை நிறுத்திவைத்தன. உண்மையில் இக்கல்வி, தன் உடலை அறிதல், பிறர் உடலை மதித்தல், நோயைத் தவிர்த்தல், வேண்டாத தொடுகையை மறுத்தல் என்பனவற்றையே பொருளாகக் கொண்டது. இவற்றைச் சொல்லாது விட்டதன் விலையைத் தமிழ்நாடு ஒருமுறை கொடுத்துள்ளது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலிற் சிக்குண்ட பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கப்பட்டபோது, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. கண்டறிந்தது அறிவியலின் வெற்றி. ஆனால் அடுத்து நிகழ்ந்தது வெட்கத்திற்குரியது. தொற்றுள்ள பெண்கள் காப்பகத்தில் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுக்காக நீதிமன்றம் சென்ற இதழாளர் சியாமளா நடராஜ், 1990களின் தொடக்கத்தில் தென்னிந்திய எய்ட்ஸ் செயல்திட்டம் என்னும் தன்னார்வ அமைப்பை நிறுவினார். 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. பின்னர் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி தமிழ்நாட்டுச் சுவர்களிலெல்லாம் ஒட்டப்பட்டது. அவ்விளம்பரத்தைப் பழித்துப் பிரசங்கித்த ஆயர்களை நான் அறிவேன். என் குறை வேறு. அது புள்ளிராஜாவைப் பற்றிக் கேட்டது. அவர் மனைவியைப் பற்றிக் கேட்கவில்லை.

அக்கேள்விக்கு முன்னரே ஒரு பெண் விடை கூறிவிட்டார். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி 1995இல் தம் உறவினர் ஒருவர்க்கு மணமுடிக்கப்பட்டார். கணவருக்கிருந்த தொற்று அவருக்குச் சொல்லப்படவில்லை. திருமணமாகிச் சில வாரங்களிலேயே தமக்கும் தொற்று நேர்ந்ததை அறிந்தார். 1998இல் அவரும் அவரையொத்த பெண்கள் சிலரும் சேர்ந்து, எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கான கூட்டமைப்பைத் தொடங்கினர். கற்புநெறி காத்தால் போதும் என்று மட்டும் நாம் போதித்தால், அந்நெறியை முழுமையாகக் காத்த இப்பெண்ணுக்கு நம்மிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. திருமண ஆயத்த வகுப்பில் மணமக்கள் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி ஆலோசனை கூறுவது ஐயப்பாட்டின் அடையாளமன்று. ஓலை வாசிப்பதற்கு முன் செய்யத்தக்க அன்பின் கடமையாகும்.

அம்பிளிக்கையிற் கண்டது

சமுதாயத்தோடிணைந்து தொண்டாற்றும் அமைப்பு என்ன செய்யக்கூடும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கியச் சமுதாய நல மையம் பங்கேற்ற ஓர் ஆய்வினை எடுத்துக்காட்டலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் உடலுறவின் வழிப் பரவும் பாப்பிலோமா வைரசினால் வருவது. ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி வளர்வது. மேனாட்டார் கையாளும் நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு ஆய்வகமும் நிபுணரும் வேண்டும். அம்பிளிக்கையில் கையாண்டதோ எளிய முறை. காடியின் சாரமாகிய அசெட்டிக் அமிலத்தை நீர் கலந்து கருப்பை வாயிலே தடவினால், மாறுபட்ட திசுக்கள் சிறிது நேரத்தில் வெண்மையாகத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியர் வெறுங்கண்ணால் அதைக் கண்டு, தேவைப்பட்டவர்க்குச் சிகிச்சைக்கு வழிசெய்தனர்.

30 முதல் 59 வயது வரையுள்ள ஏறத்தாழ 49,000 பெண்கள் அழைக்கப்பட்டனர். 31,000 பேருக்குமேல் வந்தனர். 2007இல் வெளியான முடிவின்படி, அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிடுகையில் இந்நோய் 25 விழுக்காடும், இதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒரே ஒருமுறை செய்த சோதனையின் பயன் இது.

கிராமத்துப் பெண் இத்தகைய சோதனைக்கு உடன்படுவது எளிதன்று. வெள்ளைப்படுதலைத் தன் கணவனிடமே சொல்லக் கூசுபவள் அவள். எதற்காக, எங்கே, யார் சோதிப்பார், எவ்வளவு நேரமாகும் என்பவற்றைத் தன் மொழியில், தன்னைப் போன்ற ஒரு பெண் அமர்ந்து சொன்னாலன்றி அவள் எழுந்து வரமாட்டாள். வந்தவர்களின் எண்ணிக்கை நம்பிக்கையூட்டுகிறது. வராதவர்களின் எண்ணிக்கையும் நம் கண்ணில் நிற்கவேண்டும். மூவரில் ஒருவர்க்கு மேல் வரவில்லை. எந்த ஊரிலும் எந்தக் கூட்டத்திலும் அந்த மூன்றாமவர் யார் என்று கேட்பதே, அனைவரையும் உள்ளடக்கிய கல்வியின் தொடக்கம் எனக் கருதுகிறேன்.

டெல்டாவில் அந்த மூன்றாமவரைத் தேட நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. எட்டாம் வகுப்போடு நின்று நடவுக்குச் செல்லும் பெண் பள்ளித் திட்டத்திற்குள் வரமாட்டாள். மாதவிலக்கு நாளிலும் சேற்றில் நின்று நாற்று நடும் அவளுக்கு ஒதுங்க இடமில்லை. செவித்திறனற்ற பிள்ளைக்குச் சைகையால் இவற்றைச் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாது. தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்லவும் அப்பிள்ளைக்குச் சைகை இல்லை. மணமாகாத முதிர்கன்னியைக் 'குடும்பநல' முகாமுக்கு எவரும் அழைப்பதில்லை. திருநங்கையரோ பல வேளைகளில் வீட்டைவிட்டே வெளியேற்றப்பட்டவர்கள்.

மொழிபெயர்ப்பில் மறைந்த ஒருவர்

இக்கடைசிப் பிரிவினரைக் குறித்துத் திருமறை மாணவர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு திருமுழுக்குக் கொடுத்த எத்தியோப்பியரை நம் பழைய மொழிபெயர்ப்பு 'மந்திரி' என்கிறது. மூலத்தில் உள்ள சொல் 'யூநூகொஸ்'. அச்சொல் அரண்மனை அலுவலரையும் குறிக்கக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் லூக்கா அதே வசனத்தில் அதிகாரியைச் சுட்டும் 'துநஸ்தேஸ்' என்ற வேறொரு சொல்லையும் தனியே ஆள்கிறார். ஆகவே முதற்சொல் அவரது உடல்நிலையையே உணர்த்துகிறதெனக் கொள்வதே பொருத்தம். ஏசாயா 56இலும் மத்தேயு 19இலும் 'அண்ணகர்' என்று துணிந்து எழுதிய மொழிபெயர்ப்பு, இங்கே மரியாதை கருதியோ என்னவோ அவருக்குப் பதவியைக் கொடுத்து உடலை மறைத்துவிட்டது. விளைவு யாது? ஏசாயாவின் சுருளை அவர் ஏன் கையில் வைத்திருந்தார் என்ற கேள்வியே தமிழ்ச் சபைக்கு எழாமற் போயிற்று. பழங்கால அண்ணகரும் இன்றைய திருநங்கையும் ஒருவரே என்று நான் வாதிடவில்லை. தடையென்ன என்று அவர் கேட்ட வேளையில் பிலிப்பு உடலைக் காரணம் காட்டவில்லை என்பதே நமக்கு வேண்டியது.

மாறாக, பெரும்பாடுள்ள பெண்ணின் வரலாற்றில் (மாற்கு 5) நம் மொழிபெயர்ப்பு தயங்கவில்லை. 'பெரும்பாடு' மக்கள் வழங்கிய சொல்லே. அவள் கூட்டத்தின் நடுவே உண்மை முழுவதையும் சொன்னாள். இயேசு அவளை மகளே என்றழைத்தார். இத்தகைய சொற்களே கற்பிப்பவர்க்கு வேண்டும். வடமொழிக் கலைச்சொல்லும் ஆகாது, வசைச்சொல்லும் ஆகாது.

சமூகம் நம்மை முந்திவிட்டது. 1998இல் சென்னையில் சுனில் மேனன் நிறுவிய சகோதரன் அமைப்பு இவர்களிடையே உடல்நலப் பணியைத் தொடங்கியது. 2008இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்தம் பாலின அடையாளத்தை ஏற்றது. 2018இல் அதே நீதிமன்றம், வயதுவந்த ஒருபாலர் தம்முள் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என்றது. 2021இல் சென்னை உயர்நீதிமன்றம், ஒருவரது பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்யும்படி உத்தரவிட்டது. மாற்றித் தருவதாக வாக்களித்து ஜெபக்கூட்டம் நடத்துவோர் இதன் நோக்கத்தையேனும் சிந்திப்பது நலம்.

ஆயர் தலைவராகலாமா?

இப்பணியைச் சபையே நடத்தலாகாதா எனின், டெல்டாவில் ஆகாது என்பதே என் முடிவு. கோயில்களும் மடமும் சூழ்ந்த திருப்பனந்தாள் போன்ற வட்டாரத்தில் கிறிஸ்தவர் சிலரே. அவருட் பலர் சேரியினர். ஆலயத்திலிருந்து வரும் எதுவும் மதமாற்றம் என்று ஐயுறப்படும். பாலியல் பற்றியதாயின் ஐயம் இரட்டிக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழுபேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அவ்வெழுவரில் கிராம சுகாதாரச் செவிலியராய் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மகளிர் குழுத் தலைவி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர், திருநங்கை ஒருவர் இருத்தல் வேண்டும். ஊர்த்தெருவிலிருந்தும் சேரியிலிருந்தும் ஆட்கள் வேண்டும். ஆயர் தலைவராக வேண்டா. நம் வேலை மண்டபத்தின் சாவியைக் கொடுப்பதும், பாய் விரிப்பதும், கேள்வி எழும்போது ஓடாதிருப்பதும் ஆகும்.

ஒன்று மட்டும் ஆயர் தாமே அறிந்திருக்கவேண்டும். இத்தகைய கூட்டங்கள் தொடங்கினால் பிள்ளைகள் பேசத் தொடங்குவர். சிலர் தமக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்வர். 2012ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்க்கு எதிரான குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது; தெரிவியாமை தண்டனைக்குரியது. பாவ அறிக்கையின் இரகசியம் என்று ஆயர்க்கு அதில் விலக்கு இல்லை. குற்றஞ்செய்தவர் சபை மூப்பராயிருந்தாலும் 'சபைக்குள் பேசித் தீர்ப்போம்' என்பதற்கு இடமில்லை. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்க்குச் சட்டமே பாதுகாப்பளிக்கிறது. பிள்ளை தானே அழைக்கக்கூடிய 1098 என்னும் எண்ணை ஞாயிறு பள்ளிச் சுவரில் எழுதிவைக்கலாம்.

தொடங்கும் காலத்தையும் கருதவேண்டும். மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கியபின், சம்பா அறுவடை முடியும் தை மாதம்வரை பெண்களுக்கு ஓய்வில்லை. அடுத்து வரும் தவக்காலத்தில் ஆயர்க்கு ஓய்வில்லை. உயிர்த்த திருநாள் கழிந்து சித்திரை, வைகாசியில் வயல் காய்ந்து கிடக்கும், பிள்ளைகளும் வீட்டிலிருப்பர். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கென்று எப்படியும் ஆலய மண்டபம் திறந்திருக்கும் காலம் அது. பிள்ளைகளை விட்டுச்செல்ல வரும் தாய்மார் மரநிழலில் காத்திருப்பர்.