கல்லின் அளவும் படத்தின் அளவும்

மைசூரு என்றதும் அரண்மனையும் தசரா விழாவும் நம் நினைவுக்கு வரும். தமிழ்க் கல்வெட்டுகளின் வரலாற்றிலும் அந்நகருக்குத் தனியிடம் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுத் தலைமையகம் 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாறியது. அங்குப் பாதுகாக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது.

மைப்படி எடுக்கும் முறை எளியது. கல்லைத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் பரப்பித் தூரிகையால் அடித்துப் பதிய வைப்பர். பின்னர் மை ஒற்றுவர். குழிந்த எழுத்துகள் வெண்மையாகவும் சுற்றுப்பரப்பு கருமையாகவும் தோன்றும். கல் எவ்வளவோ அவ்வளவே மைப்படியும்.

தாள் காலப்போக்கில் நொறுங்கும். ஆதலின் அதனை மின்படமாக்குவது இன்றியமையாதது. அப்போது எழும் முதற்கேள்வி, படத்தில் எத்தனை பிக்சல்கள் இருக்க வேண்டும் என்பதாகும். பிக்சல் என்பது படத்தை உருவாக்கும் மிகச்சிறு புள்ளி. கையில் வைத்துப் பார்க்கும் அச்சுப்படம் தெளிவாக அமைய, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது பொதுவான அளவுகோல். படத்தின் புள்ளிகளை 300ஆல் வகுத்தால் எத்தனை அங்குலத்துக்கு அச்சிடலாம் என்பது கிடைக்கும்.

ஐந்தடி நீளமும் மூன்றடி அகலமும் உடைய ஒரு மைப்படியை எடுத்துக்கொள்வோம். அதாவது 60 அங்குலம், 36 அங்குலம். அதே அளவில் தெளிவாக அச்சிட 18,000க்கு 10,800 புள்ளிகள் தேவை; மொத்தம் 19 கோடிக்கும் மேல். கைப்பேசியின் 12 மெகாபிக்சல் படத்தில் இருப்பவை 4,000க்கு 3,000 புள்ளிகளே. அதனை ஐந்தடிக்கு விரித்தால் அங்குலத்துக்கு 67 புள்ளிகள்கூடத் தேறா. ஒரு மில்லிமீட்டர் கீற்று, ஏறத்தாழ 12 புள்ளிகளில் பதிய வேண்டியது, மூன்றுக்கும் குறைவான புள்ளிகளில் மங்கிவிடும். அது எழுத்தின் கோடா, கல்லின் கீறலா என்று பிரித்தறிவது கடினம்.

இதனால் என்ன இழப்பு எனக் கேட்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்ச்சபையினர் கோயிலிடம் காசு பெற்று ஆண்டுதோறும் வட்டி செலுத்த ஒப்புக்கொண்ட செய்திகள் உள்ளன. காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு பன்னிரண்டரை, அவ்வட்டி. அத்தகைய வரியொன்றில் 'அரைக்கால்' என்பதன் பிற்பகுதி மங்கி 'அரை' மட்டும் எஞ்சினால், எட்டில் ஒன்று பாதியாகிவிடும். வட்டி நான்கு மடங்காக உயர்ந்த ஒரு பொய்க்கணக்கு நம் கைக்கு வரும்!

நம் வீட்டுப் பழம்படங்களுக்கும் பத்திரங்களுக்கும் இதே கணக்குத்தான். ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை 300 புள்ளி அளவில் வருடினால் 1,800க்கு 1,200 புள்ளிகள் கிடைக்கும்; அதே அளவில் அச்சிடப் போதும். இரு மடங்கு பெரிதாக்க விரும்பினால் 600இல் வருட வேண்டும். விண்ணப்பங்களில் ஒட்டும் 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் படத்துக்கோ 413க்கு 531 புள்ளிகளே போதுமானவை.

கோப்பில் 72 என்றிருப்பதை 300 என மாற்றி எழுதுவதால் மட்டும் தெளிவு கூடாது. மென்பொருள் புள்ளிகளைப் பெருக்கினாலும், அவை ஊகித்துச் சேர்க்கப்பட்டவையே. மறைந்த எழுத்து மீளாது. செய்திச் செயலிகளில் அனுப்பும் படம் பெரும்பாலும் சுருக்கப்படுவதால், அச்சகத்துக்கு மூலக்கோப்பையே அளிப்பது நன்று. தாத்தாவின் படத்தையோ, நிலப்பத்திரத்தையோ வருடக் கொடுக்கும் முன், நாளை எந்த அளவில் அது தேவைப்படும் என்று எண்ணி, அங்குலத்தை 300ஆல் பெருக்கிப் பார்ப்போம். தாள் நல்ல நிலையில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவோம்.