வந்த விருந்தாளியைப் பாண்டிக்கு அனுப்பிவிடாதீர்கள்!

விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் கணக்கு முடிக்க விழுப்புரம் வந்திருந்தார். பதினைந்து வருஷப் பழக்கம். ஆனால் அதுவரை போனிலும் லாரி ஆபீஸ் ரசீதிலும்தான் உறவு. நேரில் முகம் பார்த்தது அன்றைக்குத்தான். வரவு செலவு பார்த்து, சாப்பாடும் முடிந்தபோது மணி இரண்டு. இரவு ரயிலுக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.

"உங்க ஊர்ல பார்க்க என்னங்க இருக்கு?" என்று கேட்டார்.

"இங்க என்ன அண்ணாச்சி இருக்கு? பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல பாண்டிச்சேரி. கடற்கரையைப் பார்த்துட்டு வந்துடுங்க" என்று சொல்லி, கடைப் பையனைத் துணைக்கு அனுப்பி வைத்தோம்.

இரவு திரும்பி வந்தவர் சொன்னார்: "பீச்சுல காந்தி சிலையைச் சுத்திப் பெரிய பெரிய கல்தூண் நிக்குதுங்க. செஞ்சியில இருந்து கொண்டுபோனதுன்னு அங்க ஒருத்தர் சொன்னாரு. செஞ்சி உங்க பக்கந்தானே?"

நமக்கு வாய் எழவில்லை. நம் மாவட்டத்துத் தூணைப் பார்க்க அவரைப் பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பியிருக்கிறோம்! அதோடு போகவில்லை. ஆரோவில்லுக்கும் போய் வந்திருந்தார். 1968-ல் தொடங்கிய அந்த நகரின் பெரும்பகுதி நம் வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. அதையும் பாண்டிச்சேரிக் கணக்கிலேயே அவர் எழுதிக்கொண்டார். நாமும் பேசாமல் இருந்துவிட்டோம்.

வெளியூர்க்காரர்கள் நம் பகுதியை எப்படி அறிந்திருக்கிறார்கள் என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறோமா? சென்னையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் போகிறவர்களுக்கு நம் மாவட்டம்தான் வழி. நடுராத்திரியில் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றில் பேருந்து நிற்கும். தகரத்தைத் தட்டி எழுப்புவார்கள். காதைப் பிளக்கும் பாட்டு, ஆறிப்போன பரோட்டா, அச்சிட்ட விலைக்கு மேல் தண்ணீர் பாட்டில். பலருக்குத் தெரிந்த விழுப்புரமும் திண்டிவனமும் அவ்வளவுதான். ஓட்டலை நடத்துகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கெட்ட பெயர் நம் ஊருக்கு. பைபாஸ் வந்த பிறகு ஊருக்குள் வராமலே போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எனவே ஊருக்குள் வருகிற நாலு பேரையாவது நாம் சரியாகக் கவனிக்க வேண்டாமா?

முதலில் கமிட்டிக்கு

வியாபாரிக்கு வியாபாரத்தைக் காட்டுவதே முதல் மரியாதை. அண்ணாச்சி அடுத்த முறை வந்தபோது காலையில் நேராக ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அழைத்துப் போனோம். நம் வட்டாரத்தில் யாரும் அந்த நீளப் பெயரைச் சொல்வதில்லை. 'கமிட்டி' என்றால் போதும். மணிலா, எள், உளுந்து, நெல் என்று பருவத்துக்கேற்ப மூட்டைகள் வரிசையாக நிற்கும். ஒரு பிடி அள்ளி, நாலு காயை உடைத்து, பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்து விலை போடுகிற கை வேலையைப் பார்த்து அவர் அசந்துபோனார். எத்தனையோ சந்தைகளில் நின்றவர் அவர்.

அங்கேதான் பேச்சு மணிலா ரகத்துக்குத் திரும்பியது. விதைக்காரர்கள் 'டி.எம்.வி.' என்று சொல்கிறார்களே, அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவை என்பது அவருக்குத் தெரியாது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! திண்டிவனத்தில் உள்ள எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2 ரகம் 1940-ல் வெளிவந்தது. ஆந்திரா, கர்நாடகம் வரை பல்லாண்டுகள் விதைக்கப்பட்ட ரகம் அது. எள்ளிலும் டி.எம்.வி. ரகங்கள் உண்டு. வேறு மாநிலத்து மண்டியில் போய் நம் ஊர் எழுத்தைச் சொல்லி மணிலா வாங்கியிருக்கிறோம் என்றால் வேடிக்கையாக இல்லையா? வெளியூர்க்காரர் நிலக்கடலை என்பார். நாம் எழுதும்போது மணிலா என்போம். வீட்டில் அது மல்லாட்டைதான். புது மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்து, சூடாக ஒரு தட்டு எதிரில் வையுங்கள். பிறகு கணக்குப் பேசுங்கள். பாக்கி விஷயம்கூடச் சுமுகமாக முடிவதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

திண்டிவனத்துக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. திந்திரிணி என்றால் புளி. புளியங்காடு என்பதே ஊரின் பெயர் என்பார்கள். ஊருக்குள்ளேயே கிடங்கல் என்று ஒரு பகுதி இருக்கிறது. நமக்குக் கிடங்கு என்றால் சரக்கு அடுக்கும் இடம்; பழந்தமிழில் அகழி. சங்க காலத்தில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊராக இருந்த கிடங்கில் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. அவனைப் பாடியது இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. பரிசு பெற்று வருகிற பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான்: கடற்கரையில் எயிற்பட்டினத்துக்குப் போனால் சுட்ட மீன் கிடைக்கும், வேலூரில் புளி சேர்த்த சோறு, ஆமூரில் நண்டுக் குழம்போடு கைக்குத்தல் அரிசிச் சோறு என்று. எந்த ஊரில் என்ன சாப்பாடு என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நாம்தான் 'இங்க என்ன இருக்கு' என்று சொல்லப் பழகிவிட்டோம்.

செஞ்சியில் நாம் செய்த தவறு

அண்ணாச்சியைச் செஞ்சிக்கு அழைத்துப் போனதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சித்திரை வெயிலில், கமிட்டி வேலையை முடித்துக்கொண்டு, பதினொரு மணிக்கு ராஜகிரி அடிவாரத்தில் இறங்கினோம். சுமார் 800 அடி உயரம். பாதி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கையிலிருந்த ஆரஞ்சுப் பையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தண்ணீரும் தீர்ந்தது. ஒரு மண்டப நிழலில் அரைமணி உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்தோம். விருந்தாளியை வதைப்பதும் ஒரு வகை உபசாரம் போலிருக்கிறது!

செஞ்சியை விடியற்காலையில் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் வேண்டும். தின்பண்டம் வண்டியிலேயே இருக்கட்டும். பிற்பகலில் ராஜகிரி உச்சிக்கு ஏற விடமாட்டார்கள். முட்டி வலிக்காரர்களை ஏறச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கீழ்க்கோட்டையே அரைநாள் வேலை. ஏழு அடுக்குக் கல்யாண மகால், யானைக்குளம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லாகான் மசூதி எல்லாம் கீழேதான் இருக்கின்றன. நம்மவர்களுக்கு முக்கியமாகக் காட்ட வேண்டியது தானியக் களஞ்சியம். தடித்த சுவருக்கு நடுவே அந்தக் குளிர்ந்த இருட்டில் நின்றபோது, அண்ணாச்சி கண்ணாலேயே அளந்து, இத்தனை மூட்டை அடுக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை இது. அவருடைய மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்தபோது, முகலாயப் படை 1690-ல் முற்றுகையிட்டு 1698-ல்தான் பிடிக்க முடிந்தது. முற்றுகையில் வாளைப் போலவே நெல்லும் போர் செய்யும் என்பதை வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை. தேசிங்குராஜன் கதை எல்லோருக்கும் தெரியும். அவன் மாண்டது 1714-ல்.

இந்தக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மராட்டியர் கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி வருகிறவர்கள் பெருகுவார்கள். செஞ்சிக் கடைத்தெருவில் சுத்தமான கழிப்பறை, நியாய விலையில் மோர், இளநீர் இருக்கிறதா என்று நாம் இப்போதே பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டல் கதை இங்கேயும் ஆரம்பித்துவிட்டால் பிறகு துடைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் நல்லது. செஞ்சி ஆட்டுச் சந்தை விடியலிலேயே கூடும். தீபாவளி, ரம்ஜான், பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் கால் வைக்க இடம் இருக்காது. சந்தையைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனால் வெயிலும் ஏறியிருக்காது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு. முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த குகைக்கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக அவனே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். சிமெண்ட், கம்பி வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் தங்கள் விருந்தாளியை இங்கே அழைத்துப் போவதற்கு முன் யோசித்துக்கொள்ளட்டும்!

மற்றவை அவரவர் ருசிக்கு. பிள்ளைகளோடு வந்தால் திருவக்கரை. சுமார் இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில். பக்திமான்களுக்கு மயிலம் முருகன். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல். ஆனால் ஊஞ்சலன்று திரும்பி வர நடுராத்திரி தாண்டிவிடும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். கோடையில் வந்தவருக்கு, சாலையோரம் குவித்திருக்கும் தர்ப்பூசணியும் விக்கிரவாண்டிப் பக்கத்து நுங்கும் வாங்கிக் கொடுத்தாலே போதும்.

நாம் அழைக்காமலே வருகிறவர்கள்

இதுவரை சொன்னது நாம் அழைத்து வருகிற விருந்தாளிகளைப் பற்றி. ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் தாமாகவே வருகிறவர்களும் இருக்கிறார்கள். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் வந்து கூடுகிறார்கள். அரவானைக் கணவனாக வரித்துத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாளே தாலியறுத்து அழுகிற திருவிழா அது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு கூவாகம் நம் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. ஆனாலும் பலர் வந்து இறங்குவதும் தங்குவதும் விழுப்புரத்தில்தான்.

அந்த நாட்களில் நம் ஊரில் நடப்பது நமக்குத் தெரியாததல்ல. நானூறு ரூபாய் அறைக்கு இரண்டாயிரம் கேட்டதை நாமே நின்று பார்த்திருக்கிறோம். சேலையும் வளையலும் பூவும் வாங்க வந்தவர்களிடம் ஒரு விலை, அடுத்தவரிடம் ஒரு விலை. பணத்தை வாங்கும்போதே முகம் சுளிக்கிற கடைச் சிப்பந்திகளும் உண்டு. அண்ணாச்சிக்கு விசிறி போடுகிற நாம், பம்பாயிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்தவருக்கு ஒரு நாற்காலி போடக்கூடாதா? அறை வாடகையை வாசலில் எழுதி வைக்கலாம். திருவிழா நாளிலும் அதே வாடகை வாங்கலாம். வெளியூர் நண்பரைக் கூவாகத்துக்கு அழைத்துப் போகிறவர்கள், கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்க வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இதைச் சங்கக் கூட்டத்தில் பேசியபோது சிலர் சிரித்தார்கள். வருகிற சித்திரைக்கு முன் மறுபடியும் பேசப் போகிறோம்.

அண்ணாச்சி மூன்றாம் முறை குடும்பத்தோடு வந்தார். இந்தத் தடவை பொழுது விடியும் முன்பே கிளம்பியதால் ராஜகிரி உச்சி வரை ஏறி, ரங்கநாதரையும் பார்த்துவிட்டு இறங்கினார். ரயில் ஏறும்போது மடியில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம். அவர் பார்க்காமல் விட்டது மரக்காணம் உப்பளம் ஒன்றுதான். வந்தது ஐப்பசி மழைக்காலம், பாத்தியெல்லாம் தண்ணீர். உப்பு வாரும் பருவத்தில், மாசிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறோம். தூத்துக்குடி உப்பைப் பார்த்து வளர்ந்தவர், நம் உப்பைப் பார்த்து என்ன சொல்கிறாரோ தெரியவில்லை.