சுக்சி கடலில் ஒரு கிணறு

அலாஸ்காவுக்கு வடமேற்கே விரிந்துகிடக்கும் சுக்சி கடல் ஆழமானதல்ல. எண்ணெய் தேடி ஷெல் நிறுவனம் துளையிட்ட ‘பர்கர்’ பகுதியில் ஆழம் சுமார் 45 மீட்டர்தான். கடலில் கிணறு தோண்டிப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவர்களை மிரட்டுவது பனிக்கட்டி.

அங்கே வேலை செய்யத் தோதான காலம் ஜூலை முதல் அக்டோபர் வரை. அதையும் முழுதாகப் பயன்படுத்த முடியாது. கிணறு கட்டுமீறிப் பீறிட்டால், அதை அடக்கப் பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்ட வேண்டும். கடல் உறையுமுன் அதை முடித்தாக வேண்டும். எனவே 2012இல் பருவத்தின் கடைசி 38 நாட்களில் எண்ணெய் இருக்கும் அடுக்கைத் தொடக்கூடாது என்று அமெரிக்க அரசு நிபந்தனை விதித்தது.

மிதந்து வரும் பனிப்பாறையின் அடிப்பகுதி ஆழம் குறைந்த இடங்களில் கடல்தரையை உழுதுகொண்டே போகும். கிணற்றின் வாயை அடைக்கும் ராட்சத வால்வுகள் தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அதில் நொறுங்கிவிடும். அதனால் முதலில் ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்துக்கு அகலமான குழி வெட்டி, வால்வுகளை அதற்குள் இறக்குகிறார்கள்.

2008இல் சுக்சி குத்தகைகளுக்காக மட்டும் 210 கோடி டாலர் கொடுத்த ஷெல், 2012 செப்டம்பரில் பர்கரில் துளையிடத் தொடங்கியது. மறுநாளே பல கிலோமீட்டர் நீளப் பனித்திட்டு ஒன்று நெருங்கிவர, துளையிடும் கப்பல் நங்கூரங்களைக் கழற்றிக்கொண்டு விலக நேர்ந்தது. எண்ணெய்க் கசிவைப் பிடிக்கச் செய்த கவிகை சோதனையிலேயே நசுங்கியதால், அந்த ஆண்டு எண்ணெய் அடுக்குவரை போக அனுமதி கிடைக்கவில்லை.

பெரிய அடி திரும்பும் வழியில் விழுந்தது. பக்கத்து போஃபர்ட் கடலில் துளையிட்ட ஷெல்லின் ‘குல்லுக்’ மேடைக்குச் சொந்த எஞ்சின் கிடையாது. டிசம்பரில், அதுவும் அலாஸ்கா வளைகுடாவின் புயல்காலத்தில், அதை இழுத்துச் சென்றபோது கயிறு அறுந்தது. மேடையிலிருந்த 18 பேரைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் மீட்டது. டிசம்பர் 31 அன்று மேடை கோடியாக் அருகே தரைதட்டியது. அலாஸ்காவில் கட்டவேண்டியிருக்கலாம் என்று ஷெல் கருதிய வரியைத் தவிர்ப்பதும் அந்த நேரத்தில் மேடையை நகர்த்தியதற்கு ஒரு காரணம் என்றது காவல்படையின் விசாரணை அறிக்கை.

2015 கோடையில் ஷெல் மீண்டும் வந்து, ‘பர்கர் ஜே’ கிணற்றை சுமார் 2,070 மீட்டர்வரை இறக்கியது. எண்ணெய், எரிவாயுவின் அறிகுறி இருந்தது. எடுக்கும் அளவுக்கு இல்லை. அதற்குள் கச்சா எண்ணெய் விலையும் பாதியாகிவிட்டிருந்தது. ஏறக்குறைய 700 கோடி டாலர் செலவழித்த பிறகு, செப்டம்பர் 28 அன்று ஷெல் அலாஸ்கா கடல் முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது, கிணறும் அடைக்கப்பட்டது.