வானத்து வானொலியா, வீட்டு வானொலியா? – வாங்கும் முன் சிந்திப்போம்

மண்சரிவினால் வீடு வாசலையும் பயிர் நிலத்தையும் இழந்து, தற்காலிகக் கொட்டில்களிலும் உறவினர்களின் லயன் அறைகளிலும் புதிய குடியிருப்புகளிலும் வாழ்கின்ற எமது குடும்பங்கள், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வாங்க விரும்பும் பொருட்களில் வானொலிப் பெட்டியும் ஒன்று. பசறை, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலைப் பக்கங்களில் குடும்பங்களைச் சந்திக்கும் போது எம்மிடம் கேட்கப்படும் கேள்விகளும் பலவகையானவை. "செய்மதி வானொலி என்று ஒன்று இருக்கிறதாமே சுவாமி, மலைக்குள்ளேயும் தெளிவாகக் கேட்குமாமே?" என்பார் ஒருவர். "மோட்டார் சைக்கிளிலும் வானிலும் வீட்டிலும் ஒரே பெட்டியை மாற்றி மாற்றிப் பாவிக்க முடியுமா?" என்பார் இன்னொருவர். "மகள் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த பெட்டி இங்கே ஒன்றையும் பிடிக்கவில்லையே, ஏன்?" என்று கேட்கும் தாய்மாரும் உள்ளனர்.

இவை நியாயமான கேள்விகள். இழந்தவர்களின் கைக்கு வரும் பணம் சிறியது. அது வீண் போகக்கூடாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. மலைச்சரிவின் கீழ் உறங்குகின்ற குடும்பத்துக்கு, மழை இரவில் வருகின்ற ஓர் அறிவித்தல் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஆகவே, எந்தப் பெட்டி நல்லது என்பதை ஆறுதலாக ஆராய்வோம்.

செய்மதி வானொலி என்பது என்ன?

நாம் சாதாரணமாகக் கேட்கும் எப்.எம். ஒலிபரப்பு, உயர்ந்த இடமொன்றில் நாட்டப்பட்ட கோபுரத்திலிருந்து வருகிறது. அதன் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. இடையில் ஒரு மலை நின்றால் மறுபக்கத்துப் பள்ளத்தில் அலை குறைந்துவிடும். வெயிலில் மரத்துக்குப் பின்னால் நிழல் விழுவது போலத்தான் இதுவும். ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனில் தெளிவாகக் கேட்பது கீழ் டிவிசனில் இரைவதற்குக் காரணம் இதுவே.

செய்மதி வானொலியில் ஒலி வானத்திலிருந்து இறங்குகிறது. பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பது போலச் சுற்றுகின்ற செய்மதி, ஒரே வேளையில் பல நாடுகளுக்கு ஒலிபரப்பும்.

எமது பகுதி உலகுக்கு இச்சேவையைக் கொண்டுவந்தது வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற நிறுவனம். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் 1990ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். ஆபிரிக்க, ஆசிய நாடுகளின் ஏழை மக்களுக்குச் செய்தியும் கல்வியும் சுகாதார அறிவும் சென்றடைய வேண்டும் என்பதே அவருடைய கனவு. 1998இல் ஆபிரிக்காவுக்கான செய்மதியும், 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆசியாவுக்கான 'ஏசியாஸ்டார்' செய்மதியும் ஏவப்பட்டன. இந்தியாவில் கர்நாடக சங்கீதத்துக்கு ஓர் அலைவரிசையும் தமிழ்ப் பாடல்களுக்கு ஓர் அலைவரிசையும் இருந்தன. ஒலியின் தெளிவை எல்லோரும் புகழ்ந்தனர்.

ஆனால் நடைமுறையில் சில தடைகள் இருந்தன. சிறிய தட்டையான அண்டெனாவை செய்மதி இருக்கும் திசை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். கூரையோ மரமோ மறைத்தால் ஒலி நின்றுவிடும். எனவே ஓடும் வாகனத்துக்கு அது பொருந்தவில்லை. பாடல்களைக் கேட்கச் சந்தாவும் கட்ட வேண்டியிருந்தது. இதனால், ஏழைகளுக்கென்று கனவு காணப்பட்ட சேவை பெரும்பாலும் வசதியுள்ள நகர வீடுகளிலேயே ஒலித்தது.

2008 ஒக்டோபரில் அந்நிறுவனம் கடனில் மூழ்கி நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. 2009 டிசம்பர் 31ஆம் திகதியுடன் இந்தியச் சேவை நிறுத்தப்பட்டது. அங்கே மட்டும் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தார்கள். பெட்டி பழுதாகவில்லை, பற்றரியும் தீரவில்லை. ஆனாலும் வானத்திலிருந்து வந்த ஒலி நின்று போனது. பெட்டி வாங்கியவர் கையில் இருந்தாலும், அதைப் பேச வைக்கும் ஆழி வேறொருவர் கையில் இருந்தது என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்மதி வானொலி இன்றும் நடைபெறுகிறது. 2001இல் எக்ஸ்.எம்., 2002இல் சிரியஸ் என்று தொடங்கிய இரு நிறுவனங்கள் 2008இல் ஒன்றாகின. அங்கே காரிலும் பெரிய மோட்டார் சைக்கிள்களிலும் இதைப் பொருத்துகிறார்கள். காரிலிருந்து கழற்றி வீட்டில் வைத்துக் கேட்கும் பெட்டிகளும் உண்டு. நகரங்களில் கட்டடங்கள் மறைக்கும் இடங்களுக்காகத் தரையிலும் துணைக் கோபுரங்களை நாட்டியுள்ளார்கள். ஆனால் அந்தச் செய்மதிகள் வட அமெரிக்காவை நோக்கியே ஒலிபரப்புகின்றன. அப்பெட்டியை இங்கே கொண்டு வந்தால் செய்மதிச் சேவை எதுவும் கேட்காது. உறவினர் அனுப்புவதாகச் சொன்னால் அன்போடு வேண்டாம் என்று சொல்லலாம்.

ஐரோப்பாவில் இப்போது 'டாப்' எனப்படும் டிஜிட்டல் வானொலி பரவியிருக்கிறது. அதற்கான பெட்டிகள் பலவற்றில் எப்.எம். பகுதியும் இருக்கும். அது இருந்தால் மட்டுமே இங்கு பயன்படும்.

ஜப்பானில் பாவித்து இறக்குமதியான கார், வான்களில் வேறொரு சிக்கல். அந்நாட்டின் எப்.எம். அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி நெடுங்காலமாக 90 வரைக்குமே இருந்தது. எமது நாட்டில் எப்.எம். நிலையங்கள் 88க்கும் 108க்கும் இடையில் உள்ளன. எனவே அந்த வாகன வானொலி எமது நிலையங்களில் பெரும்பாலானவற்றைப் பிடிக்காது. வாகன மின் திருத்துநரிடம் சொன்னால், அலைவரிசையை இறக்கித் தரும் சிறு கருவியை அண்டெனா வயரில் பொருத்துவார். அதன் பின்னர் பெட்டியில் தெரியும் இலக்கம் உண்மையான இலக்கமாக இராது. நிலையத்தைக் காதால் கண்டுபிடித்துச் சேமித்து வைக்க வேண்டும்.

வீட்டுக்கு எப்படிப்பட்ட பெட்டி?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி எமது மலையகத்தை உலுக்கிய போது நடந்ததை எவரும் மறக்கவில்லை. மண் சரிந்தது, பாதைகள் அறுந்தன, மின்சாரம் நின்றது, பல இடங்களில் கைத்தொலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. தொலைக்காட்சியும் இணையமும் அந்த வேளையில் கைகொடுக்கவில்லை. டிஷ் அண்டெனாப் பெட்டிகள் சிலவற்றில் வானொலி நிலையங்களும் வருகின்றன. 2025ஆம் ஆண்டிலிருந்து ஸ்டார்லிங்க் செய்மதி இணையமும் எமது நாட்டில் கிடைக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் மின்சாரம் வேண்டும். ஆகவே வீட்டுப் பெட்டியைத் தெரிவு செய்யும் போது, "கரண்ட் இல்லாத மூன்றாவது இரவிலும் இது பேசுமா?" என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்.

சாதாரணக் கடைப் பற்றரியில் இயங்கும் பெட்டியே நல்லது. மின்னேற்றும் பற்றரி மாத்திரம் உள்ள பெட்டி, மின்சாரம் போன சில மணி நேரத்தில் அல்லது சில நாட்களில் ஓய்ந்துவிடும். கையால் சுற்றி இயக்கும் பெட்டிகளும் உள்ளன. பற்றரி வாங்க வழியில்லாத ஆபிரிக்கக் கிராமங்களை மனதிற்கொண்டு ட்ரெவர் பெய்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. சிறிய சூரியத் தகடும் டோர்ச்சும் சேர்ந்த பெட்டி கிடைத்தால் இன்னும் நன்று.

எப்.எம். உடன் மத்திய அலையும் இருக்க வேண்டும். மத்திய அலை மலையை ஓரளவு வளைந்து கடக்கும். இரவில் தூர இடங்களிலிருந்தும் வரும். மத்திய அலைக்கு அண்டெனா பெட்டிக்குள்ளேயே இருப்பதால், பெட்டியை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒலி கூடும் திசை தெரியும். சிற்றலைக்காக அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. பி.பி.சி. தமிழோசை 2017இலும், எம்மவர் பலர் கேட்டுவந்த வெரித்தாஸ் வானொலி 2018இலும் சிற்றலையை விட்டு இணையத்துக்கு மாறிவிட்டன.

பெட்டியைக் கடை வாசலில் மட்டும் பரீட்சித்து வாங்க வேண்டாம். பசறை நகரில் பாடுவது உங்கள் சரிவில் பாடாமற் போகலாம். "வீட்டில் பிடிக்காவிட்டால் திருப்பித் தருவோம்" என்று பேசிக்கொண்டே வாங்குங்கள். தமிழ்ச் செய்தி எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு, எந்த இலக்கத்தில் வருகிறது என்பதைக் கடதாசியில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டி வையுங்கள். பாவிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள். இல்லாவிடில் அது கசிந்து பெட்டியை அரித்துவிடும்.

மோட்டார் சைக்கிளிலும் வாகனத்திலும்

மரக்கறி மூட்டையுடன் கெப்பெட்டிபொல சந்தைக்குப் போகிறவருக்கும் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவருக்கும் வானொலி பயன்படுவது உண்மை. விலை நிலவரம், மூடப்பட்ட வீதி, மழை அறிவித்தல் யாவும் அதில் வரும். வானிலும் முச்சக்கர வண்டியிலும் பொருத்தும் சாதாரண எப்.எம். பெட்டியே இதற்குப் போதும். மலைக்கு மலை நிலையம் மாறுவதால், ஒரே நிலையத்தின் வெவ்வேறு இலக்கங்களை முன்கூட்டியே சேமித்து வைப்பது நல்லது.

மோட்டார் சைக்கிளில் எமது ஆலோசனை வேறு. பசறை வீதியின் வளைவுகளில் எதிரே வரும் பஸ்ஸின் ஹோர்ன் ஒலியை நாம் கேட்டாக வேண்டும். காதில் வயரைச் சொருகிக்கொண்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். எஞ்சின் சத்தத்தை மிஞ்சப் பெட்டியை அலறவிட்டாலும் சொல் விளங்காது. சட்டைப் பையில் அடங்கும் சிறு பெட்டியோ, எப்.எம். உள்ள கைத்தொலைபேசியோ போதும். தேநீருக்கு நிறுத்தும் இடத்தில் கேட்கலாம். கைத்தொலைபேசியின் எப்.எம். பகுதிக்கு இணையம் தேவையில்லை. காதுவயரே அதற்கு அண்டெனா.

ஒரே பெட்டி போதுமா?

"வீட்டுக்கும் வண்டிக்கும் ஒரே பெட்டி" என்பது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அப்பெட்டி யார் கையில் இருக்கும் என்பதைச் சிந்திக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் அது தகப்பனாரோடு அல்லது மூத்த மகனோடு வீதிக்குப் போய்விடும். சரிவின் கீழே வீட்டில் இருப்பவர்கள் தாயும் பிள்ளைகளும் முதியோருமே. அறிவித்தல் தேவைப்படுகிறவர்களை விட்டுவிட்டுப் பெட்டி ஊர் சுற்றப் போகலாமா? ஒரு பெட்டி வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், அது வீட்டை விட்டு வெளியே போகாத பெட்டியாகவே இருக்கட்டும். அதை இயக்கவும் நிலையத்தைத் தேடவும் வீட்டிலுள்ள எல்லோருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியோடு முடிவதில்லை

வானொலி உறங்குகிறவனைத் தட்டி எழுப்பாது. எனவே கடும் மழை நாட்களில் ஒரு வரிசை லயத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து விழித்திருந்து கேட்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளாக வெளியிடுகிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரோடு வருவதால், உங்கள் பிரிவின் பெயரைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வானொலியும் கேட்காமற் போனால், நேரான பக்கங்கள் கொண்ட ஒரு டின்னைத் திறந்த வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் நீர் சேர்ந்தால் விழிப்பாயிருக்க வேண்டும்; 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும்; 150 ஆனால் எவரும் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் எந்த அளவையும் பார்க்காது வெளியேறுங்கள்.

மேலும், வானொலி கேட்பதற்கு மட்டும் உரியதன்று. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. நிகழ்ச்சி தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களுக்கே சென்று, மக்களின் குரலையே பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். 1989இல் கொத்மலையிலும் ஒரு நிலையம் எழுந்தது. 1990களின் இறுதியில் அங்கு இணையம் வந்தபோது, கிராமத்தவர் கேட்ட கேள்விகளுக்கு நிலையத்தார் இணையத்தில் விடை தேடி வானொலியில் சொன்னார்கள். செய்மதியும் கோடிக்கணக்கான முதலும் செய்ய நினைத்ததை, ஒரு சிறிய கோபுரம் சிங்களக் கிராமங்களில் செய்து காட்டியது. எமது தமிழ்க் குடும்பங்களுக்கும் இது வேண்டும் என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. எச்சரிக்கை தமிழில் தாமதமாக வந்தால், தெளிவின்றி வந்தால், நாளையும் நேரத்தையும் குறித்துச் சங்கமாகக் கூடி நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதுவோம்.

குழுக்களில் கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் மின்சாரமின்றி இயங்கும் வானொலி எத்தனை வீடுகளில் உள்ளது? அது பகலில் யாரிடம் இருக்கிறது?

2. எமது சரிவில் தெளிவாகக் கேட்கும் தமிழ் நிலையங்கள் எவை? இலக்கங்களை எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுப்பது யார்?

3. மழை இரவில் விழித்திருந்து கேட்கும் முறையை எவ்வாறு வகுப்போம்? அறிவித்தல் வந்தால் எல்லா வீடுகளுக்கும் சொல்ல என்ன அடையாள ஒலி வைத்துக்கொள்வோம்?

4. தனியே வாங்க இயலாத குடும்பங்களுக்காக, சீட்டுப் பணத்தில் பொதுவாக ஒரு பெட்டி வாங்க முடியுமா?