புகைப்படமும் வடிகட்டியும்

காப்பி வடிகட்டி இல்லாத வீடு நம் ஊரில் அரிது. தூளை மேலே நிறுத்திச் சாற்றை மட்டும் கீழே விடுவது அதன் வேலை. கணிப்பொறியில் புகைப்படத்தைத் திருத்துவதற்கும் வடிகட்டிகள் உண்டு. இவற்றை ஃபில்டர் என்பர். படம் திருத்தும் மென்பொருளோடு பின்னர் இணைத்துக்கொள்ளும் வடிகட்டித் தொகுப்பே பிளக்-இன் எனப்படும் செருகுநிரல்.

இலவசத் தொகுப்புகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. 'நிக் கலெக்ஷன்' என்பதைக் கூகுள் நிறுவனம் 2016 மார்ச்சில் இலவசமாக்கியது. 2017-இல் அது பிரெஞ்சு நிறுவனமான டி.எக்ஸ்.ஓ.வின் கைக்கு மாறியது. 2018-இல் வந்த புதிய பதிப்பு விலைக்கே விற்கப்பட்டது. 'ஜிமிக்' என்பதோ வேறு வகை. பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள கான் நகர ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து 2008 முதல் வெளிவருவது. 500-க்கும் மேற்பட்ட வடிகட்டிகள் கொண்டது. 'கிம்ப்' என்னும் இலவச மென்பொருளோடு இணைவது. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம்.

இதனை எங்கள் வீட்டுப் படம் ஒன்றில் சோதித்தேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் எடுத்த என் தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் அது. முகமெல்லாம் பூஞ்சைப் புள்ளிகள். அதை ஸ்கேன் செய்து, 'மீடியன்' வடிகட்டியைப் பயன்படுத்தினேன்.

அது வேலை செய்யும் முறை எளியது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அடுத்தடுத்த ஒன்பது புள்ளிகளின் எண்கள் 118, 119, 120, 120, 121, 122, 123, 124, 250 எனக் கொள்வோம். இதில் 250 என்பது தூசு. சராசரி எடுத்தால் 135 வரும். தூசின் வெண்மை அதிலும் கலந்துவிடுகிறது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 121 வரும், தூசு மறைந்துவிடுகிறது!

அளவைச் சற்றுக் கூட்டி வைத்தேன். முகம் பளிச்சென்றாயிற்று. பெருமையோடு ஆயாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்க தாத்தாவுக்குத் தாடையில மச்சம் இருந்துதே, அது எங்கடா?" என்றார்.

சுற்றுப்புறத்தினின்று மாறுபட்ட சிறு புள்ளி எதுவாயினும் அந்த வடிகட்டிக்கு ஒன்றுதான். குற்றம் அதனுடையது அன்று. அளவைக் கூட்டியவன் நானே. நல்ல வேளையாக, ஸ்கேன் செய்த மூலப்படத்தை அழிக்கவில்லை. பிறகு, பூஞ்சை படிந்த இடங்களை மட்டும் தெரிவு செய்து, ஆயாவைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒரு மாலைப் பொழுது முழுவதும் கழிந்தது.

1955-இல் நம் நகரில் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தென்னாட்டுக் கோயில்களின் புகைப்படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் உள்ளன. அவற்றில் ஒரு கல்வெட்டின் கீற்றைத் தூசு என்று துடைத்துவிட்டால், நாளை அதைப் படிப்பவர் பிழையாக அன்றோ படிப்பார்?

ஆகவே நண்பர்களே, இலவச வடிகட்டிகளைத் தயங்காமல் பழகிப் பாருங்கள். ஆனால் மூலப்படத்தைத் தொடாமல், படியெடுத்துத் திருத்துங்கள். எது தூசு, எது மச்சம் என்பதை அறிந்தவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.